மரமா, அலுமினியமா? ஈரக்காற்றில் கிட் விமானம் கட்டப் பழகுவோருக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில், வீட்டுத் தாழ்வாரத்திலோ வாடகைக் கடைவீட்டிலோ கிட் விமானம் (பாகங்களாக வாங்கி நாமே பொருத்தும் சிறு விமானம்) கட்டிப் பழக நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது விலையை. அதற்கு முன் விசாரிக்க வேண்டியது பட்டறைக் காற்றின் ஈரத்தை. நாங்கள் தேர்ந்தெடுத்தது இழு ரிவெட் (ஒரு பக்கத்திலிருந்தே தண்டை இழுத்துத் தகடுகளை இறுக்கும் ஆணி) போடும் அலுமினியக் கிட். எங்கள் காரணங்களில் முக்கால் பங்கு அந்த ஈரம்தான்.

மரத்தின் பக்கம் உள்ள நியாயங்கள் தெரிந்தவைதான். சத்தம் குறைவு, கருவிகள் மலிவு, தச்சு வேலை அறிந்த கைக்குச் சீக்கிரம் பழகும். 1920களின் இறுதியில் பெர்னார்ட் பீட்டன்போல் வடிவமைத்த ஏர் கேம்பர் என்ற சிறு விமானத்தை இன்றும் வரைபடம் பார்த்து மரத்திலேயே கட்டுகிறார்கள். வடிவமைப்பில் குறை எதுவும் இல்லை. சிக்கல் நம் ஊர்க் காற்றில்.

ஒட்டும்போது விமான மரத்தில் 8 முதல் 12 விழுக்காடு ஈரம் இருப்பது நல்லது. மலேசியாவில் காற்றின் ஈரப்பதம் மாதச் சராசரியாகவே 70 முதல் 90 விழுக்காடு. 80 விழுக்காட்டுக் காற்றில் சில வாரம் கிடந்தால், எவ்வளவு நன்றாக உலர்த்தி வந்த ஸ்ப்ரூஸ் மரமும் 16 விழுக்காட்டை ஒட்டி ஈரம் ஏற்றிக்கொள்ளும். அந்த நிலையில் ஒட்டிய சட்டம் பின்னால் உலர்ந்து சுருங்கும்போது பசைக்கோட்டை இழுக்கும். வெயிலில் ஒரு பகல், மழையில் ஓர் இரவு என்று இந்த இழுபறி ஆண்டு முழுக்க நடக்கும்.

இதற்கு மாற்று உண்டு. அறையை அடைத்து, ஈரம் உறிஞ்சும் கருவி வைத்து, காற்றை 50 முதல் 60 விழுக்காட்டுக்குள் நிறுத்தினால் மரம் 9 முதல் 11 விழுக்காட்டில் நிற்கும். ஆனால் கருவி வேலை நாளில் மட்டும் ஓடினால் போதாது. மரம் உள்ளே இருக்கும் எல்லா நாளும் ஓட வேண்டும், மின்சாரக் கட்டணமும் அதற்கேற்ப ஏறும். எப்பாக்சிப் பசையிலும் கவனம் தேவை. அடைக்காத பட்டறையில் 32 டிகிரி வெப்பத்தில், டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்துக்கு முன்பே அது இறுகத் தொடங்கிவிடும். ஆகவே சிறு சிறு அளவாகத்தான் கலக்க வேண்டும். ஒவ்வொரு கலவையிலும் இரண்டு மரத்துண்டுகளை ஒட்டித் தேதி எழுதி வைத்து, இறுகிய பிறகு உடைத்துப் பாருங்கள். மரம் பிளந்தால் பசை பிடித்திருக்கிறது. பசைக்கோட்டிலேயே பளிச்சென்று விட்டுவந்தால், அன்று ஒட்டிய எல்லா இணைப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

எங்களை மரத்திலிருந்து விலக்கியது இந்த இடம்தான். மாதிரித் துண்டை உடைத்துப் பார்க்கலாம், இறக்கைக்குள் இருக்கும் இணைப்பை உடைத்துப் பார்க்க முடியாது. மேலே ஒட்டுப்பலகையும் துணியும் மூடிய பிறகு, உள்ளே பசை பிடித்ததா, மழைத்தண்ணீர் தேங்கிப் பூஞ்சை ஏறியதா என்பது கண்ணுக்குத் தெரியாது. பழகுகிறவருக்குத் தவறு வரத்தான் செய்யும். அந்தத் தவறு வெளியே தெரிய வேண்டும்.

ரிவெட் அதை வெளியே காட்டும். ஜெனித் நிறுவனத்தின் சிஎச் 750 போன்ற கிட்களில் தகடு 6061-டி6 அலுமினியம். பெரும்பாலும் 3.2, 4 மி.மீ. என இரண்டே அளவு இழு ரிவெட்டுகள். முதல் பயிற்சிக்கு மெல்லிய தகட்டுத் துண்டுகள் இரண்டு போதும். பென்சிலால் கோடு போடாதீர்கள், அதன் கிராஃபைட் ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். மெல்லிய முனை மார்க்கர் பேனா எடுங்கள். துளை மையத்துக்கும் தகட்டு விளிம்புக்கும் இடையில் ரிவெட் விட்டத்தைப் போல் இரு மடங்காவது இருக்கட்டும்: 4 மி.மீ. ரிவெட்டுக்கு 8 மி.மீ. 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 30ஆம் நம்பர் டிரில் பிட், 4 மி.மீ.க்கு 20ஆம் நம்பர். துளைத்ததும் கிளிக்கோ (தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிரிங் பிடிப்பான்) மாட்டுங்கள், செம்பு நிறம் 3.2க்கு, கறுப்பு 4க்கு. எல்லாத் துளையும் முடிந்த பின் தகடுகளைப் பிரித்து, துளை ஓரத்தில் இரு பக்கமும் பிசிறு எடுத்து, மறுபடி கிளிக்கோ மாட்டித்தான் ரிவெட் அடிக்க வேண்டும்.

பிரித்துப் பிசிறு எடுக்கும் அந்த வேலையைத்தான் அவசரக்காரர்கள் தாண்டிவிடுகிறார்கள். பிசிறு தகடுகளை ஒட்டவிடாது. ரிவெட் அந்த இடைவெளியில் பருத்துக்கொள்ளும், இறுக்கம் கிடைக்காது. பறக்கத் தொடங்கியதும் தளர்ந்த ரிவெட் தலையைச் சுற்றிக் கறுப்புத் தூள் கசியும். துணியால் துடைத்துவிட்டு அடுத்த பறப்புக்குப் பின் பார்த்தால் மறுபடி கசிந்திருக்கும். பசை மூட்டில் இப்படி ஓர் அடையாளம் கிடைக்காது.

கெட்ட ரிவெட்டை எடுப்பதும் எளிது. நடுவில் இருக்கும் எஃகுத் தண்டை முதலில் பஞ்ச் என்ற மெல்லிய எஃகு உளியால் தட்டி இறக்குங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கித் துளையை நீள்வட்டமாக்கிவிடும். பிறகு தலையை மட்டும் துளைத்து எடுங்கள். 3.2 துளை சற்றுப் பெரிதாகிவிட்டால், விளிம்பு தூரம் இடம் கொடுக்கும்போது 4 மி.மீ. ரிவெட் போடலாம்.

அலுமினியத்துக்கும் ஈரம் பகைதான், ஆனால் இங்கே காவல் நம் கையில் இருக்கிறது. தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டும் பரப்புகளுக்காவது பிரைமர் அடியுங்கள். குரோமேட் கலந்த பிரைமர் புற்றுநோய் வருவிக்கக்கூடியது, சரியான முகமூடி இல்லாமல் அதைத் தொட வேண்டாம். தகட்டின் மேல் ஒட்டி வரும் பிளாஸ்டிக் உறையை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் அடியில் ஈரம் தங்கி அரிப்பு ஓடும். இரும்புக் கம்பளியால் தேய்த்தால் இரும்புத் துகள் பதிந்து புள்ளி புள்ளியாக அரிக்கும். கம்ப்ரசரின் தொட்டியில் சேரும் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்கள். இன்னொன்று நம் ஊருக்கே உரியது: தோட்டத்தில் காலியான உர ஸ்டோர் மலிவு வாடகைக்குக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். செம்பனைக்குப் போடும் பொட்டாசியம் குளோரைடு தரையிலும் சுவரிலும் ஊறிப்போயிருக்கும். ஈரக்காற்றில் அந்தக் குளோரைடு அலுமினியத்தைக் குழி குழியாகத் தின்னும்.

அலுமினியத்திலேயே அடித்துப் பருக்க வைக்கும் திட ரிவெட் கிட்களும் உண்டு, வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-7 போல. மேற்பரப்பு வழவழப்பாக அமையும், பறப்பில் வேகமும் கிடைக்கும். அடிக்கும் முன் ரிவெட்டின் தண்டு தகட்டுக்கு வெளியே விட்டத்தின் ஒன்றரை மடங்கு நீளம் நீட்டி நிற்க வேண்டும். அடித்து முடித்த தலை விட்டத்தில் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் கொண்டிருக்க வேண்டும். பல இடங்களில் ரிவெட் அடிக்கும் காற்றுத் துப்பாக்கி பிடிக்க ஒருவர், பின்னால் இரும்புக்கட்டை பிடிக்க ஒருவர் தேவை. சுவரோடு சுவர் ஒட்டிய தாமான் (குடியிருப்பு) வீட்டில் இரவு எட்டு மணிக்கு மேல் அந்தச் சத்தத்தை யாரும் பொறுக்க மாட்டார்கள். வேலை முடிந்து வந்து மாலையில் கட்டுபவர்களுக்கு இழு ரிவெட்தான் ஒத்துவரும்.

கண்ணாடி இழையும் எப்பாக்சியும் சேர்ந்த கிட்களில் எங்கள் கை அதிகம் படவில்லை. ஈரக்காற்றில் இறுகும் எப்பாக்சியின் மேல் மெழுகு போன்ற படலம் படியக்கூடும். அதைத் தண்ணீரால் கழுவித் தேய்க்காமல் அடுத்த அடுக்கைப் போட்டால் பிடிக்காது என்பது மட்டும் உறுதியாகச் சொல்லக்கூடியது. மற்றதை அதில் விமானம் கட்டி முடித்தவரிடம் கேளுங்கள்.

முழுக் கிட்டுக்குப் பணம் கட்டும் முன் இரண்டு வேலை உண்டு. ஒன்று, மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் அந்த மாடலைக் குறிப்பிட்டு எழுத்தில் விளக்கம் பெறுவது. முதல் ரிவெட்டிலிருந்தே தேதியிட்ட படங்களோடு வேலைப் பதிவேடும் எழுதுங்கள், மூடிய பகுதிக்கு அந்தப் படம்தான் சாட்சி. இரண்டாவது, வால் சுக்கானை மட்டும் தனியாக வாங்கிக் கட்டிப் பார்ப்பது. ஜெனித் தன் பட்டறையில் இரண்டே நாளில் புதியவர்களைக் கொண்டு சுக்கானைக் கட்ட வைக்கிறது. தாழ்வாரத்தில் தனியாக, மாலை நேரம் மட்டும் செய்பவர் சில வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். 4 அடி அகலம், 12 அடி நீளத்தில் மேசை அடித்து, மூலைக்கு மூலை நூல் இழுத்து அதன் சமத்தைச் சரிபார்த்துவிட்டுப் பெட்டியைத் திறவுங்கள். மேசை முறுக்கியிருந்தால் சுக்கானும் முறுக்கிக்கொள்ளும், ரிவெட் அடித்த பிறகு அதை நிமிர்த்த முடியாது.