அம்மா வீட்டுச் சுவருக்குள் சவ்வரிசி: ஈக்கோ 4 உதவியில் எங்களுக்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

வருமானம் குறைந்தவர்களின் வீட்டைச் சூடாக வைக்க பிரித்தானியாவில் தரும் ஈக்கோ 4 உதவிக்கு நான் போடுவது பத்துக்கு ஏழு. வீட்டுக்குள் வந்த மாற்றத்துக்கு மட்டும் என்றால் ஒன்பது போடுவேன். வேலைக்கு வந்த கம்பனியின் ஒழுங்குக்கு நாலுக்கு மேல் போடக் கை வராது. அம்மாவைக் கேட்டால் வீட்டைச் சூடாக்கும் பொயிலரை மாற்றித் தரவில்லை என்று மூன்றோடு நிறுத்திவிடுவார். அவருடைய கணக்கு வேறு.

வீடு லண்டனின் சவுத் ஹரோவில். 1930களில் வரிசை வரிசையாக எழுந்த, இரண்டு இரண்டாக ஒட்டிய செமி வீடுகளில் ஒன்று. அப்பா போன பிறகு அம்மா தனியே இருக்கிறார், வயது 76. பனிக்காலம் வந்தால் வீடு அவருக்குச் சுருங்கிவிடும்: குசினி, முன்னறை, அவ்வளவுதான். பின்னறை அலுமாரியை இழுத்துப் பார்த்தால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம். நான் பஸ் ஓட்டுகிறவன். அதிகாலை ஷிப்ட் முடித்து அங்கே போனால், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் அப்பாவின் பழைய கோட்டோடு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்பார்.

இதெல்லாம் தொடங்கியதே அரசாங்கம் ஒன்றைப் பறித்ததில்தான். 2024 ஜூலையில், பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி எடுப்பவர்களுக்குத்தான் இனிக் குளிர்கால எரிபொருள் காசு என்று அறிவித்தார்கள். அம்மாவுக்கு வருடா வருடம் வந்த 200 பவுண்ஸ் நின்றது. அப்போதுதான் அவருடைய பென்ஷன் கடிதத்தை ஒழுங்காக எடுத்துப் பார்த்தேன். வாரம் 131 பவுண்ஸ். தனி ஆளுக்கு 218.15 வரை நிரப்பித் தருவதுதான் அந்த வருடத்துப் பென்ஷன் கிரெடிட். இத்தனை வருடமாக நாங்கள் ஒருவரும் கேட்கவேயில்லை.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்டைப் பறிச்சுப் போடுவாங்கள் தம்பி. பேசாமல் இரு." எங்கள் சனத்தில் பாதிப்பேருக்கு இந்தப் பயம் இருக்கிறது. குடியிருக்கும் சொந்த வீட்டை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. சேமிப்பிலும் 10,000 பவுண்ஸ் வரை தொடுவதில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு வாரம் போனது. கடைசியில் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் தானும் எடுப்பதாகச் சொன்ன பிறகுதான் அம்மா கையெழுத்து வைத்தார். பத்துக் கிழமை கழித்துக் கடிதம் வந்தது, மூன்று மாத நிலுவையோடு. இந்த விமர்சனத்தில் வேறொன்றும் மனதில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, வயதானவர்கள் வீட்டில் இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். இந்த ஒரு கடிதம்தான் மற்றக் கதவுகளையெல்லாம் திறந்தது.

அந்தக் கதவுகளில் ஒன்றுதான் ஈக்கோ 4. ஈக்கோ என்பது 2013 இல் தொடங்கிய ஏற்பாடு. வருமானம் குறைந்தவர்களின் வீட்டைச் சூடாக வைக்க, காஸும் கரண்டும் விற்கிற பெரிய கம்பனிகள் கட்டாயம் செலவழிக்க வேண்டியிருந்தது. அந்தக் கம்பனிகளைக் கண்காணிக்கும் ஒஃப்ஜெம் மேற்பார்த்தது. செலவை அந்தக் கம்பனிகள் எல்லோருடைய பில்லிலும் பரப்பி எடுத்துக்கொண்டன. ஆகவே 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டுக் கூச வேண்டியதில்லை. அம்மாவும் இத்தனை வருடம் அதற்குச் சேர்த்துத்தான் பில் கட்டியிருக்கிறார்.

ஆனால் 'இலவசம்' என்று வாசலில் வந்து நிற்பவனிடம் கவனம். தமிழிலேயே கதைத்து, "அன்ரி, நாளைக்கே பொயிலர் பூட்டலாம்" என்று ஒருவர் வந்தார். சர்வேக்கு 150 பவுண்ஸ் முன்பணம் கேட்டார். அம்மா கைப்பையைத் தேடி உள்ளே போன நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தது நல்லதாகப் போய்விட்டது. நாங்கள் பிறகு கவுன்சிலின் எரிசக்தி ஆலோசனைப் பகுதி வழியாகப் போனோம், சர்வேக்கு ஒரு பென்ஸும் கேட்கவில்லை. உங்களுக்கு காஸ் தருகிற கம்பனியிடம்தான் போக வேண்டும் என்றும் இருக்கவில்லை. இந்தக் கடமை உள்ள எந்தக் கம்பனியிடமும் கேட்கலாம் என்றிருந்தது.

வீட்டை அளக்க வந்த பெண் இரண்டரை மணித்தியாலம் நின்றார். ஒவ்வொரு அறையாக அளந்து, பல்ப் எண்ணி, யன்னல் திறந்து மூடி, சுவரில் ஈரம் பார்க்கும் கருவியை வைத்து, படம் பிடித்து. இவருக்கு பத்துக்குப் பத்து. எரிசக்தியை வீணாக்காத அளவுக்கு வீடுகளுக்கு ஏ முதல் ஜி வரை தரம் போடும் ஈ.பி.சி. கணக்கில் எங்கள் வீடு 57, அதாவது டி. சொந்த வீட்டுக்காரர் என்றால் டி முதல் ஜி வரை உள்ள வீடுகளுக்குத்தான் இந்த உதவி. டி, ஈ வீடுகளைக் குறைந்தது சி தரத்துக்கு, அதாவது 69 க்காவது, கொண்டுவர வேண்டும் என்பது அதன் விதி. உங்கள் வீடு எதில் இருக்கிறது என்று அரசாங்கத் தளத்தில் போஸ்ட்கோட் போட்டாலே காட்டும். ஈ.பி.சி. பதிவில் உள்ள யார் வீட்டையும் பார்க்கலாம். நான் தெரு முழுக்கப் பார்த்துவிட்டேன்.

பொயிலர் கிடைக்கவில்லை. 2008 இல் பூட்டியது, வீணாகும் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் கண்டென்சிங் வகை, வேலை செய்கிறது, அதனால் தொடமாட்டோம் என்றார்கள். தந்தது மூன்று: வெளிச்சுவரின் இரண்டு அடுக்குக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்புவது, கூரைக்கு அடியிலுள்ள லொஃப்டில் சூடு போகாமல் பஞ்சுப் படை போடுவது, ரேடியேற்றர்களுக்குச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகியும் புதுத் தெர்மோஸ்டாட்டும். "பொயிலர் கேட்டால் பஞ்சு தாறாங்கள்" என்றார் அம்மா. எனக்கும் அப்போது ஏமாற்றம்தான். இப்போது இல்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்கவில்லை என்று பைப்பை மாற்றி என்ன பயன்?

லொஃப்ட் பற்றி ஒருவரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: அதை வெறுமையாக்கித் தருவது உங்கள் வேலை. எங்கள் லொஃப்டில் அப்பாவின் இரண்டு சூட்கேஸ், கொழும்பிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கு, தங்கச்சியின் பள்ளிப் புத்தகம், பெட்டி பிரிக்காத மூன்று அரிசிக் குக்கர். எல்லாம் இறங்கியது. மறுபடி ஏற முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. முன்பு மரச்சட்டங்களுக்கு இடையில் இருந்தது ஒரு சாண்கூட இல்லை. இப்போது 270 மில்லிமீற்றர்: இடையில் ஒரு படை, அதன் குறுக்கே இன்னொரு படை. அதன் மேல் பலகை போட்டுச் சாமான் வைத்தால் பஞ்சு நசுங்கி, போட்டதே வீண். குத்துவிளக்கு இப்போது என் வீட்டில். சூட்கேஸ் இரண்டும் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே. அதைப்பற்றிக் கதைக்கக் கூடாது.

சுவர் வேலை ஒரு நாளில் முடிந்தது. இரண்டு பொடியன்கள். முதலில் ஒரு ஓட்டை போட்டு மெல்லிய கமராவை உள்ளே விட்டுச் சுவருக்குள் பார்த்தார்கள். செங்கல் செங்கலாக உள்ளே இருட்டு, ஓரிடத்தில் 90 வருடத்துக்கு முந்திய கொத்தனார் சிந்திய சாந்து அப்படியே ஒட்டிக்கொண்டு. பக்கத்து வீட்டோடு சேரும் இடத்தில் நீளமான தூரிகை ஒன்றை உள்ளே இறக்கினார்கள், நிரப்புவது அந்தப் பக்கம் ஓடாமல் இருக்க. பிறகு செங்கல் இணைப்புகளில் வரிசையாக ஓட்டை, அதற்குள் குழாய், வெளியே நின்ற வாகனத்திலிருந்து காற்றழுத்தத்தில் சின்னச் சின்ன வெள்ளை மணிகள், பசை பூசி. கொஞ்ச நேரத்தில் குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல். காஸ் பைப் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் இருந்த இடைவெளியால் மணிகள் கொட்டி, சிங்க் அடி அலுமாரி முழுக்க வெள்ளை. அம்மா குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "இது சவ்வரிசி எல்லே" என்றார். இடைவெளியை அடைத்து, கூட்டி அள்ளி, ஓட்டைகளுக்குச் சாந்து பூசிவிட்டுப் போனார்கள். சாந்தின் நிறம் பொருந்தவில்லை, முன்சுவர் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கிறது. மழை நனைந்து நனைந்து இப்போது கொஞ்சம் மங்கியிருக்கிறது. 25 வருட உத்தரவாதப் பத்திரம் தபாலில் வந்தது.

இனி அந்த நாலு மதிப்பெண் கதை. வீட்டை இறுக்கி அடைத்தால் ஈரம் வெளியே போக வழி வேண்டும். எங்கள் வீட்டில் சொல்ல வேண்டாம், ஒரு பக்கம் சோறு வடிப்பு, ஒரு பக்கம் இடியப்பம் அவிப்பு, தோய்த்த துணி ரேடியேற்றர் மேல். அதனால்தான் இந்த வீட்டு வேலைகளுக்கான பாஸ் 2035 என்கிற தர விதியின்படி, சூடு வெளியேறாமல் இன்சுலேஷன் போட்டால் காற்றோட்டத்தையும் சரிபார்த்துத் தர வேண்டும். எங்கள் திட்டத்தில் குளியலறைக்கு ஓயாமல் ஓடும் ஒரு மின்விசிறி, யன்னல்களுக்குக் காற்றுத் துளை, உள்கதவுகளின் அடியில் 10 மில்லிமீற்றர் அரிந்து விடுவது என்று எழுதியிருந்தது. கதவை அரிந்தார்கள். துளையும் போட்டார்கள். விசிறி வரவில்லை. "அடுத்த கிழமை" என்று சொல்லி, ரப்லெட்டை நீட்டி, எல்லாம் முடிந்தது என்று அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். நான் டிப்போவில். நல்ல வேளை, அம்மா எனக்குக் கோல் அடித்தார். "வைக்காதேயுங்கோ அம்மா" என்றேன். விசிறி வர ஏழு கிழமை ஆனது. எத்தனை கோல், எத்தனை ஈமெயில். கையெழுத்து வைத்திருந்தால் இன்றுவரை வந்திராது என்பது என் எண்ணம்.

வந்த விசிறியை அம்மா முதல்நாளே நிறுத்திவிட்டார். நாள் முழுக்கக் கரண்ட் எரிகிறதாம். சில வாட்ஸ்தான், மாதத்துக்கு ஒரு பவுண் அளவு என்று எழுதி ஒட்டினேன். யன்னல் துளைகளுக்குச் செலோரேப். "காசு குடுத்துச் சூடாக்கிப்போட்டுக் குளிரை ஏன் உள்ளே விடுறாய்?" நியாயமான கேள்விபோலத்தான் இருக்கிறது. பூஞ்சணத்தைத் துடைத்துச் சுவரைக் காட்டி, இது திரும்ப வரவேண்டுமா என்று கேட்டேன். சரி, விசிறி ஓடுகிறது. செலோரேப்பில் பேச்சுவார்த்தை நடக்கிறது.

பலன்? வீட்டின் கணக்கு இப்போது 70, சி. 2024 நவம்பரில் காஸ் 1,140 கிலோவாட் மணி, 2025 நவம்பரில் 810. இரண்டு நவம்பரும் ஒரே குளிரா என்று கேட்டால் இல்லை, அதனால் இந்தக் கணக்கை அப்படியே முழுதாக நம்ப வேண்டாம். இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, இரவு பத்துக்கு ஹீற்றிங் நின்றால் விடிய ஐந்துக்கும் முன்னறையில் 17 பாகை இருக்கிறது. முன்பு 13. அம்மா மறுபடி பின்னறையில் தையல் மெஷினை வைத்திருக்கிறார்.

ஈஸ்ட் ஹாமில் இருக்கிற என் மச்சான் தனக்கும் எடுத்துத் தரச் சொல்கிறான். அவனுடையது விக்டோரியா காலத்து வரிசை வீடு, வெற்றிடமில்லாத ஒற்றைக் கனச்சுவர். அதற்கு வெளியே பலகை ஒட்டிப் பூசுவதுதான் வழி. அவசரப்படாதே என்றேன். ஈக்கோ 4 இலும் அதன் கூடப்பிறந்த திட்டத்திலும் அப்படிப் பூசிய வீடுகளில் 98 சதவீதத்தில் பெரிய குறைகள் இருக்கின்றன, திருத்த வேண்டும் என்று தேசிய கணக்காய்வு அலுவலகம் 2025 ஒக்டோபரில் எழுதியிருக்கிறது. எங்களுடையது அந்த வகை அல்ல என்பதால் தூங்குகிறேன்.

ஈக்கோவை இனிப் புதுப்பிப்பதில்லை என்று 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் சொல்லிவிட்டார்கள். இங்கிலாந்தில் கவுன்சில்கள் வழியாக வேறொரு உதவி இருக்கிறது, பெயர் வாம் ஹோம்ஸ் லோக்கல் கிராண்ட். அதுவும் டி முதல் ஜி வரைக்குத்தான். வீட்டின் மொத்த வருட வருமானம் 36,000 பவுண்ஸ்க்குள் என்றால் பெனிபிட் எடுக்காதவர்களும் கேட்கலாம். மச்சானுக்கு அந்தப் படிவத்தை அனுப்பியிருக்கிறேன், கூடவே லொஃப்டைக் காலி பண்ணத் தொடங்கு என்றும். அங்கே என்னென்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னுடைய கரம் போர்டும் அங்கேதான்.