நெஞ்செரிவுக்குப் பாலா, செவ்விளநீரா, இஞ்சியா?

அப்பாவுக்கு நெஞ்செரிவு வருவது இரவு பதினொரு மணிக்கு மேல்தான். கட்டிலில் எழும்பி இருந்து நெஞ்சைத் தடவியபடி, "கொஞ்சம் பால் சுட வைச்சுத் தா பிள்ளை" என்பார். திருகோணமலையில் இதற்கு ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்லுவார்கள். பக்கத்து வீட்டு அக்கா செவ்விளநீர் என்றார், மாமி இஞ்சி என்றார். எல்லாவற்றையும் வீட்டில் செய்து பார்த்தோம்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும், புளிச்ச ஏப்பம் வரும். எந்த வைத்தியமானாலும் அந்த வளையத்துக்கு நல்லதா கெட்டதா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பால் குடித்ததும் தொண்டை இதமாக இருப்பது உண்மை. ஆனால் அதிலுள்ள புரதமும் கல்சியமும் கொஞ்ச நேரத்தில் அமிலத்தை மறுபடி சுரக்க வைக்கும். கொழுப்புப் பால் என்றால் இரைப்பை காலியாகவும் நேரம் எடுக்கும். குடித்துவிட்டு உடனே படுப்பது இன்னும் மோசம். அப்பாவுக்கு ஒரு மணி போல மறுபடி எரிவு வந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

செவ்விளநீரை நான் பாலுக்கு மேலே வைப்பேன், ஆனால் பகலில் மட்டும். தேசிக்காய்த் தண்ணியைப் போல அவ்வளவு புளிப்பில்லை, தொண்டையில் நிற்கும் அமிலத்தைக் கழுவி இறக்கும். படுக்கும் நேரம் ஒரு முழுக் காய் குடித்தால் வயிறு நிரம்பி வளையத்தைத்தான் அழுத்தும். சிறுநீரக வருத்தக்காரர் அதிலுள்ள பொட்டாசியத்துக்காக வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இஞ்சி வயிற்றுப் பிரட்டலுக்கு நல்லது. சின்னத் துண்டொன்றைத் தட்டி வெந்நீரில் போட்டால் போதும். சாயம் ஏறிய தேத்தண்ணியில் போட்டால் கஃபீனும் சேர்ந்து வரும், காரம் கூடினால் இஞ்சியே எரிக்கும். சாப்பிட்டபின் மின்ட் டொபி போடுகிறவர்கள் அதை விட்டுவிடுங்கள், புதினா அந்த வளையத்தைத் தளர்த்தும்.

அப்பச்சோடா எல்லாவற்றிலும் வேகம். அரைத் தேக்கரண்டியில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் எல்லையே 2,000தான். பிரஷர் உள்ள அப்பாவுக்கு அதை நான் கொடுக்க விடவில்லை.

சரி, எது உதவியது? ஒன்பதரைக்குப் பிட்டும் பொரித்த மீனும் செத்தல் மிளகாய்ச் சம்பலும் என்றிருந்ததை ஏழு மணிக்கு மாற்றினோம்: இடியப்பம், புளி குறைத்த பாரை மீன் சொதி, அதுவும் அரை வயிற்றுக்கு. படுக்க மூன்று மணி நேரம் இடைவெளி. அப்புறம் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல், கிட்டத்தட்ட ஆறு அங்குலம். தலையணையை மட்டும் அடுக்கினால் உடம்பு இடுப்பில் மடிந்து வயிறு இன்னும் அழுந்தும், அதனால் கட்டிலையே உயர்த்த வேண்டும். முதல் இரவு கால்மாட்டுக்குச் சறுக்குது என்று அப்பா முணுமுணுத்தார். இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னேன், அந்தப் பக்கம் படுத்தால் அமிலம் ஏறுவது குறைவு. நாலாம் இரவு பால் கேட்கவில்லை. எனக்கு அன்றுதான் நிம்மதியாக நித்திரை வந்தது.

விழுங்கும்போது சாப்பாடு சிக்கினால், மலம் கறுத்துப் போனால், காரணமில்லாமல் மெலிந்தால் இந்த வைத்தியம் எதையும் செய்துகொண்டிருக்க வேண்டாம், வைத்தியரிடம் போங்கள். நெஞ்சு வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் அதைக் காஸ்ட்ரிக் என்று நினைத்து விடியும்வரை பார்த்திருக்காமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.