விரிவுரையாளர் பதவியா, ஆய்வுகூட வேலையா?

கலை வரலாறும் பொருட்பாதுகாப்பும் (பழம்பொருட்களைச் சிதையாமல் காக்கும் துறை) படித்துவிட்டு, கொழும்பில் பல்கலைக்கழக விரிவுரையா, பழம்பொருட்களைப் பேணும் ஆய்வுகூடமா, எந்தப் பக்கம் போவது என்று தடுமாறுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தகுதி
விரிவுரை: முதுமாணி, கலாநிதி என்று ஏறிக்கொண்டே போகவேண்டும்.
ஆய்வுகூடம்: பட்டத்தோடு இரசாயனமும் நிதானமான கையும் வேண்டும்.

நேரம்
விரிவுரை: திருத்தவேண்டிய விடைத்தாள்கள் வீட்டுக்கும் வரும். ஆனால் 7 ஆண்டுச் சேவைக்குப் பின் ஆய்வு விடுமுறை உண்டு.
ஆய்வுகூடம்: மாலையோடு வேலை முடியும்.

பொருளோடு நெருக்கம்
எனக்கு இதுதான் முக்கியம். பொலன்னறுவைச் சிவ வெண்கலங்கள் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றன. வெண்கலத்துக்குள் குளோரைட்டு என்ற உப்பு இருந்தால், இந்த ஊர் ஈரக்காற்றில் வெளிர்பச்சைத் தூள் பூத்து உலோகத்தையே தின்றுவிடும். அதைக் கண்டதும் அடையாளம் காணும் கண் ஆய்வுகூடத்தில்தான் பழகும். ஓலைச்சுவடிக்கு எண்ணெய் எவ்வளவு பூசுவது என்பதும் அப்படியே.
வகுப்பறை வேறு விதமாக ஆழமானது. 1967இல் விஷமிகள் சிகிரியா ஓவியங்கள்மேல் வண்ணம் பூசிச் சேதப்படுத்தினார்கள். அந்த வண்ணத்தைத் துடைக்கும்போது, மூல ஓவியம் அழியாமல் எங்கே நிறுத்துவது? இந்தக் கேள்வியை ஒரு தலைமுறைக்கே பழக்கலாம். தமிழில் இத்துறைக்குப் பாடநூல்கள் மிகக் குறைவு, எழுதவும் ஆள் வேண்டும்.

சரி, எது யாருக்கு? எழுத்தும் விவாதமும் பிடித்தால் விரிவுரை. ஒரே சிலையோடு மாதக்கணக்கில் இருக்க முடிந்தால் ஆய்வுகூடம். இரண்டுமே வேண்டுமென்றால் முதலில் ஆய்வுகூடம் போங்கள். கை பழகியபின் கற்பிக்க வாருங்கள்.