வேட்பாளர் பெயரில் க்யூஆர் கோடு வந்தால் உஷார்: 18,500 ரூபாய் போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பணம் போடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவன் நான். வாய்க்காலில் சாயக்கழிவு கலப்பதை எதிர்த்து மனு மேல் மனு போட்டு வந்த ஒருவர், இந்த 2024 மக்களவைத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார். நல்ல மனிதர், அவர்மேல் குறை இல்லை. மக்களிடம் நிதி திரட்டும் ஓர் இணையதளத்தில் அவர் படத்தோடு ஒரு பக்கம் இருந்தது. டெபாசிட் 25,000, துண்டறிக்கை, ஆட்டோ வாடகை என்று செலவுக் கணக்கெல்லாம் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதிலிருந்த நம்பருக்கு வாட்ஸ்அப்பில் பேசினேன். 'ஒருங்கிணைப்பாளர்' என்று ஒரு பையன். 2019-இல் பீகாரில் பெகுசராய் தொகுதியில் நின்ற கன்னையா குமார் இப்படித்தானே மக்களிடம் 70 லட்சம் திரட்டினார், நம்மால் 25,000 முடியாதா என்றான். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

மார்ச் 24, ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமையோடு மனுத் தாக்கல் முடிகிறது. "சைட்ல போட்டா கமிஷன் புடிப்பாங்கண்ணா, நேரா இதுல போடுங்க" என்று ஒரு க்யூஆர் கோடு அனுப்பினான். ஸ்கேன் செய்தால் திரையில் வேறு யாரோ ஒருவர் பெயர். கை நின்றது. கேட்டேன். "அது பொருளாளர் பேருங்கண்ணா, அவர்தான் கணக்குப் பாக்கறாரு" என்றான். அந்த ஒரு நொடிதான். தினமும் வவுச்சரில் பெயர் சரிபார்க்கிறவன், 'சரி' என்று பின் நம்பரை அடித்தேன். என் பணம் 5,000. கடையில் ஒன்பது பேரிடம் வாங்கிய 13,500. தையல் பிரிவு அக்கா கொடுத்த 500-உம் அதில்தான் இருக்கிறது. ஆக 18,500, டெபாசிட்டில் முக்கால்வாசி!

ரசீதும் வந்தது. வருமான வரிச் சட்டம் 80ஜிஜிசி பிரிவில் வரிவிலக்கு உண்டு என்று போட்டிருந்தான். அந்த விலக்கு கட்சிகளுக்கும் தேர்தல் அறக்கட்டளைகளுக்கும் கொடுப்பதற்குத்தான், சுயேச்சைக்குக் கிடையாது. அதைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது.

மார்ச் 30 அன்று சின்னம் ஒதுக்கிய பிறகு வேட்பாளரையே பிரச்சாரத்தில் போய்ப் பிடித்தேன். "நாங்க எந்த சைட்லயும் கேக்கலீங்களே" என்றார். டெபாசிட்டை மைத்துனரிடம் கைமாற்று வாங்கிக் கட்டியிருக்கிறார்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. இணையதளத்துக்கு எழுதினால், 'பணம் எங்கள் வழியாக வரவில்லை, பக்கத்தை உருவாக்கியவரைத் தொடர்பு கொள்ளவும்' என்று பதில். அவர் யார் என்று கேட்டால் தனியுரிமையாம். வங்கியில், "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்களே சார்" என்றார்கள். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்தால், புகாரைப் பதிந்துகொண்டு, அந்தக் கணக்கில் இப்போது ஒன்றும் இல்லை என்றார்கள். ஆறு நாள் தாமதம், என் தப்புதான். பையன் என்னை பிளாக் செய்துவிட்டான். தம்பி போனில் பார்த்தால் அவன் டிபியில் இப்போது வேறொரு தொகுதியின் வேட்பாளர் படம். அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், எழுத ஓடவில்லை. தேர்தல் செலவுக்கென்று வேட்பாளர் தனி வங்கிக் கணக்கு திறந்தாக வேண்டும். அது அவர் பெயரில் இருக்கும், அல்லது அவரது தேர்தல் ஏஜென்ட்டோடு கூட்டாக இருக்கும். திரையில் வேறு பெயர் வந்தால் அனுப்பாதீர்கள், பொருளாளராவது வெங்காயமாவது. வேட்பாளரின் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்தில் கிடைக்கும். அதில் தொடர்பு எண் கொடுத்திருப்பார்கள், அதற்கு ஒரு போன் போடுங்கள். ஏமாந்தால் அன்றைக்கே 1930.

18,500-இல் 13,500-ஐ நான்தான் திருப்பித் தர வேண்டும். அக்காவின் 500-ஐ இன்று காலை கொடுத்துவிட்டேன்.