பெஞ்ச் சப்ளையா, பக் மாட்யூலா, பல்பு போட்ட எஸ்எம்பிஎஸ்ஸா: லித்தியம் பேக்குக்கு எதை நம்பலாம்?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் 18650 லித்தியம் செல்லும் பிஎம்எஸ்ஸும் (செல்களைப் பாதுகாக்கும் சர்க்யூட் போர்டு) வாங்கி பேட்டரி பேக் கட்டுகிறவர்களில் பலர் சார்ஜருக்குத் தனியாகக் காசு போட யோசிப்பார்கள். வீட்டில் பழைய லேப்டாப் அடாப்டர் கிடக்கும், எல்இடி பட்டைக்கு வாங்கிய எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட் டிசி ஆக்கும் பெட்டி) கிடக்கும், அதுவே போதாதா என்று தோன்றும். சார்ஜ் ஏற்றுவது என்று பார்த்தால் எல்லாமே ஏற்றும். நீங்கள் காபி போட உள்ளே போயிருக்கும்போது ஏதாவது கெட்டுப்போனால் அது பேக்கை என்ன செய்யும் என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நான் அதை வைத்துதான் மார்க் போடுகிறேன்.

கணக்குக்கு மூன்று செல் தொடரில் உள்ள பேக்கை எடுத்துக்கொள்வோம். செல்லுக்கு 4.2 வோல்ட், மொத்தம் 12.6, அதற்கு மேல் கூடாது. கொள்ளளவில் பாதி அளவு ஆம்பியர் போதும், அதாவது 2 ஆம்பியர்-மணி பேக்குக்கு 1 ஆம்பியர். 12.6-ஐத் தொட்ட பிறகு கரண்ட் தானாகக் குறையும், கொள்ளளவில் இருபதில் ஒரு பங்குக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும்.

பெஞ்ச் பவர் சப்ளையில் வோல்டேஜுக்கு ஒரு குமிழ், கரண்டுக்கு ஒரு குமிழ் இருப்பதால் இந்த வேலைக்கே செய்தது போலிருக்கும். பேக்கை மாட்டாமல் 12.6 வைத்து, அதன் டிஸ்ப்ளேயை நம்பாமல் மல்டிமீட்டரால் ஒருமுறை பார்த்து (மீட்டரின் சொந்த பேட்டரி தீர்ந்திருந்தால் அதுவே தப்பாகக் காட்டும், கவனம்) அப்புறம் மாட்டினால் சரி. ஆனால் அது முடிந்ததும் தானாக நிற்காது. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்து அந்தக் குமிழைக் கொஞ்சம் திருகினாலே அரை வோல்ட் ஏறிவிடும். கரண்ட் போய் வந்த பிறகு சில மாடல் அவுட்புட்டை அணைத்தே வைத்திருக்கும், சில மாடல் விட்ட இடத்தில் இருந்து தொடங்கும், உங்களுடையது எந்த வகை என்று பேக் இல்லாமல் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிடுங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் மன்னிக்காது. இதெல்லாம் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சமாளிக்கக்கூடிய குறைகள்தான்.

எக்ஸ்எல்4015 பக் மாட்யூல், அதாவது வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் சின்ன போர்டு, விஷயம் வேறு. விலை மலிவு, 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரோடு சேர்த்தால் கரண்ட் வரம்பு, வோல்டேஜ் வரம்பு இரண்டும் கிடைக்கும். 5 ஆம்பியர் என்று போட்டு விற்பார்கள், ஹீட்சிங்க் இல்லாமல் அதில் பாதிக்கு மேல் எடுக்க எனக்கு மனம் வராது. பெரிய பயம் உள்ளே இருக்கிற சுவிட்ச் ஷார்ட் ஆவதுதான். அப்படி ஷார்ட் ஆகிவிட்டால் 19 வோல்ட்டும் நேராகப் பேக்குக்குப் போகும், நடுவில் பிஎம்எஸ் மட்டும்தான் நிற்கும். அதனால் கையில் இருக்கிறதே என்று 24 வோல்ட் அடாப்டரைக் கொடுக்காமல், 15 வோல்ட் கிடைத்தால் அதைக் கொடுங்கள், கெட்டாலும் எகிறும் அளவு குறைவு. இன்னொன்று, கரண்ட் போனால் பேக் பின்பக்கமாக மாட்யூலுக்குள் வடிய ஆரம்பிக்கும். அவுட்புட்டில் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு ஷாட்கி டயோடு போட்டு, அது தின்கிற வோல்டேஜுக்கு ஏற்ப 12.6-ஐ டயோடுக்கு அந்தப் பக்கம் அளந்து வையுங்கள், கரண்ட் குறையக் குறைய அது தின்பதும் குறையும் என்பதால் அளவை முடிகிற நேரத்துக் கரண்டில் எடுக்க வேண்டும்.

12 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் சின்னத் திருகால் 12.6-க்கு ஏற்றிவிடலாம், ஆனால் கரண்ட் வரம்பு கிடையாது. காலியான பேக்கை நேராக மாட்டினால் ஓவர்லோட் ஆகி விட்டு விட்டு அணையும். அங்கேதான் பழைய ஆட்களின் வித்தை வருகிறது: தொடரில் ஒரு 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பேக்குக்கும் வித்தியாசம் 3 வோல்ட் இருக்கும்போது ஒரு ஆம்பியருக்குக் கீழேயே பிடித்து வைக்கும், பேக் நிறைய நிறைய இழை குளிர்ந்து தன் தடையைக் குறைத்துக்கொள்ளும். பேக் பக்கம் ஷார்ட் ஆனால் பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். பக் மாட்யூலை விட இதைத்தான் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். முடிந்ததும் நீங்கள்தான் கழற்ற வேண்டும் என்பது மட்டும் இதிலும் மாறாது.

இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜர் வேண்டவே வேண்டாம். அது 14.4 வோல்ட் வரை போகும், மூன்றால் வகுத்தால் செல்லுக்கு 4.8. ஒற்றைச் செல்லை ஏற்றும் டிபி4056 போர்டு மூன்றை ஒரே யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, தொடரில் இருக்கும் மூன்று செல்லையும் ஏற்றலாம் என்கிற யோசனையும் அப்படித்தான், மைனஸ் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து செல்களே ஷார்ட் ஆகும்.

என் முதல் இடம் இவை எதற்கும் இல்லை. பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்து ஓட வைத்து, அதன் 12 வோல்ட்டை ஐமேக்ஸ் பி6 போன்ற பேலன்ஸ் சார்ஜருக்கு (ஒவ்வொரு செல்லையும் தனியாகப் பார்த்துச் சமன் செய்வது) கொடுங்கள். அது 11 முதல் 18 வோல்ட் வரை டிசி வாங்கும் (19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் அதற்கு அதிகம்). கைவேலை மின்சாரம் கொடுப்பதோடு நின்றுவிடும், எப்போது நிறுத்துவது, எந்தச் செல் முந்துகிறது என்பதை சார்ஜர் பார்த்துக்கொள்ளும். மலிவு பிஎம்எஸ்ஸின் பேலன்ஸ் சில பத்து மில்லிஆம்பியர்தான், பழைய லேப்டாப் செல்களுக்கு அது காணாது.

ஸ்கூட்டர் பேக்குக்கு இதில் எதுவும் பொருந்தாது. 13 செல் என்றால் 54.6 வோல்ட், இரண்டு கம்ப்யூட்டர் சப்ளையைத் தொடரில் போடப் பார்த்தால் இரண்டின் மைனஸும் எர்த்தோடு இணைந்திருப்பதால் ஷார்ட் ஆகும். அதற்கு அதன் சார்ஜரையே வாங்கிவிடுங்கள். எதில் ஏற்றினாலும் செல் 45 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழ் வீடு என்றால் ராத்திரி ஆறிய பிறகு ஏற்றுங்கள், வாசலை ஒட்டிய நடையில் மட்டும் வைக்காதீர்கள், ஃப்ளாட்டில் வெளியே ஓட அது ஒன்றுதான் வழி.