ஜோடியில் ஒன்று போன பிறகு: மிச்சமிருக்கும் கினி பிக்குக்குக் குட்டியா, வயதொத்த துணையா?

ஜோடியாக வளர்த்த கினி பிக்குகளில் ஒன்று இறந்தால் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு துக்கம். ஒன்று நம்முடையது, இன்னொன்று கூண்டில் மிச்சமிருப்பதுடையது. நம் மனம் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். கூண்டில் இருப்பதற்கோ துணை சில வாரங்களுக்குள் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் முடிவு தப்பாகிவிடுகிறது. அழுகை தாளாமல் மறுநாளே கடைக்குப் போய்க் குட்டி வாங்கி வருகிறார்கள்; அல்லது “இனி வேண்டவே வேண்டாம்” என்று இருப்பதை வருடக்கணக்கில் தனியே விட்டுவிடுகிறார்கள்.

தனியே வைத்திருப்பது, ஏற்கெனவே கூட்டமாக வளர்ப்பவரிடம் கொடுப்பது, குட்டி வாங்குவது, வயதொத்த துணை தேடுவது என நான்கு வழிகள் உண்டு. நான் சாய்வது கடைசி வழிக்கு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை எடை பார்ப்பது. சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு டப்பாவை வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வையுங்கள். வளர்ந்த கினி பிக் பெரும்பாலும் 700 கிராமிலிருந்து 1,200 கிராம் வரை இருக்கும். தினமும் இருபது, முப்பது கிராம் ஏறி இறங்குவது சகஜம். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, 12 மணி நேரம் எதையும் தின்னாமல் இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நார் தொடர்ந்து உள்ளே போனால்தான் இதன் குடல் நகரும். நின்றுவிட்டால் வாயு நிறைந்து வயிறு உப்பி, ஓரிரு நாளில் உயிர் போய்விடும். புழுக்கை சிறுத்து உலர்ந்து வருவதுதான் முதல் அறிகுறி. கொத்தமல்லியை ஆவலாகத் தின்றுவிட்டுப் புல்லைத் தொடாமல் விட்டால் பல்லில் கோளாறு இருக்கலாம்.

தின்னாமல் மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் “ஏங்குது பாவம்” என்று விட்டுவிடாதீர்கள். முதலாவதைக் கொன்ற அதே தொற்று இதற்கும் வந்திருக்கலாம். கண்ணோரம் பொறுக்கு, மூச்சில் கரகரப்பு, மூக்கில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவர் நாய், பூனைதான் அதிகம் பார்ப்பவர் என்றால் ஒன்றை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் கினி பிக்கின் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து அதுவே இறப்புக்குக் காரணமாகிவிடும்.

இறந்த உடலை ஒரு துண்டில் வைத்து, துணையாக இருந்தது ஒரு மணி நேரம் மோந்து பார்க்க விடும் வழக்கம் வளர்ப்பவர்களிடம் உண்டு. சில அருகிலேயே படுத்துக்கொள்ளும், சில திரும்பியும் பார்க்காது. பலன் உண்டு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தொற்று சந்தேகம் இல்லையென்றால் செய்யலாம், தீங்கில்லை. புதைப்பதானால் பிளாஸ்டிக் பை வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி, குறைந்தது இரண்டடி ஆழத்தில் வைத்து, தெருநாய் தோண்டாதபடி மேலே ஒரு கனமான கல்லை வையுங்கள்.

தனியே விடுவது, கூட்டத்தில் சேர்ப்பது

தனியே விடும் வழியைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். சுவிட்சர்லாந்தில் 2008-இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் கினி பிக்கை ஒற்றையாக வளர்ப்பதையே தடுக்கின்றன. அதனால் அங்கே, ஒன்று இறந்தால் மற்றதன் மிச்ச காலத்துக்கு மட்டும் துணைக்கு ஒன்றை வாடகைக்குக் கொடுக்கும் ஏற்பாடும் உருவானது. நாம் மடியில் வைத்திருப்பது ஒரு நாளில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். மீதி நேரம் அது பேசும் சத்தத்துக்குப் பதில் இல்லை. மிகவும் முதிர்ந்து, நோயும் முற்றி, புதிய முகத்தைப் பார்க்கும் அதிர்ச்சியைத் தாங்காது என்று மருத்துவரே சொன்னால் மட்டும் தனியே விடலாம். முயலைத் துணைக்கு விடும் யோசனை வேண்டாம். முயலின் ஒரு உதை இதன் முதுகெலும்பை முறிக்கும்; முயலுக்குத் தொந்தரவு தராத போர்டெடெல்லா கிருமி இதற்கு நிமோனியாவைத் தரும்.

இனி வளர்ப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டவர்களுக்கு, கூட்டமாக வளர்ப்பவரிடம் கொடுப்பது நேர்மையான வழி. ஆனால் வீட்டில் குழந்தை இருந்தால் ஒரே மாதத்தில் இரண்டு இழப்பு என்பதை யோசிக்க வேண்டும். ஆண் கினி பிக்கைப் பெண்களோடு இன்னொரு ஆண் இருக்கும் கூட்டத்தில் விட்டால் சண்டை நிச்சயம்.

வயதுதான் கணக்கு

குட்டியா வயதொத்ததா என்ற கேள்வியில் எல்லாரும் எது சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அடுத்த சாவு எப்போது வரும், அப்போது யார் மிச்சம் இருப்பார்கள் என்பதை.

கினி பிக்கின் ஆயுள் ஐந்திலிருந்து எட்டு ஆண்டு. உங்களிடம் இருப்பதற்கு வயது நான்கு என்று வையுங்கள். இரண்டு மாதக் குட்டி வாங்குகிறீர்கள். இரண்டு ஆண்டில் பெரியது போய்விடும். குட்டிக்கு அப்போது வயது இரண்டு; அதற்குத் துணை வேண்டும். இன்னொரு குட்டி வாங்கினால் இதே கதை மறுபடியும். நிறுத்த நினைக்கிற எந்தக் கட்டத்திலும் ஒன்று தனியாக நிற்கும். மூன்று, நான்கு வயதுத் துணையைக் கொண்டுவந்தால் இரண்டும் அருகருகே முதுமை அடையும். கடைசியில் ஒன்று தனியாக இருக்கும் காலம் பெரும்பாலும் குறைவு. அப்போது நிறுத்தவும் முடியும். மனமிருந்தால் புதிதாக ஒரு இளம் ஜோடியோடு ஆரம்பிக்கவும் முடியும். என் முடிவுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அடுத்த சிக்கல், கடைக் குட்டி ஆணா பெண்ணா என்பது. “ரெண்டும் பொண்ணுதான்” என்ற கடைக்காரர் வார்த்தையை நம்பக் கூடாது. ஆண் குட்டி மூன்று, நான்கு வாரத்திலேயே சினைப்படுத்தும் தகுதியை அடைந்துவிடும். உங்களிடம் இருப்பது எட்டு மாதம் தாண்டிய, ஒருமுறையும் ஈனாத பெண் என்றால் ஆபத்து பெரிது. அந்த வயதுக்குள் இடுப்பெலும்பின் இணைப்பு இறுகிவிடும். பிரசவ நேரத்தில் விரியாமல் குட்டி சிக்கிக்கொள்ளும். எனவே நீங்களே பார்த்துவிடுங்கள்: மல்லாத்திப் பிடித்து, பிறப்புறுப்புக்குச் சற்று மேலே அடிவயிற்றை விரலால் மெல்ல அழுத்தினால் ஆணில் உறுப்பு வெளியே எட்டிப் பார்க்கும், பெண்ணில் ஆங்கில ஒய் எழுத்து வடிவப் பிளவு மட்டும் தெரியும். பெண் குட்டியே கிடைத்தாலும் கடையிலேயே சினையாகியிருக்கலாம். சினைக்காலம் 59 முதல் 72 நாள்; அதனால் பத்தரை வாரம் வரை எடையைக் கவனிக்க வேண்டும்.

குட்டிக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். வயதான ஆண் குட்டி ஆணைச் சுலபமாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் நான்கைந்து மாதத்தில் குட்டிக்கு வீரியம் ஏறியதும், ஏற்றுக்கொண்ட பெரியதையே துரத்தத் தொடங்கலாம்.

ஜோடி அமைப்பில் மிக அமைதியானது விதை நீக்கிய ஆணும் பெண்ணும். அறுவைக்குப் பின் ஆறு வாரம் கழித்தே சேர்க்க வேண்டும். அதுவரை கரு பிடிக்கும் வாய்ப்பு உண்டு. இந்த அறுவை செய்து பழகிய மருத்துவர்கள் நம்மூரில் குறைவு. சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்துப் பார்க்கலாம். முடியாவிட்டால் பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஒரே ஒரு ஆண்.

வயதொத்தது எங்கே கிடைக்கும்? வெளியூர் மாற்றலாகிப் போகும் குடும்பம், பிள்ளை ஹாஸ்டலுக்குப் போன வீடு, வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழு. குறையும் உண்டு: நடுவயதில் வருவது நோயோடு வரலாம். வாங்கும் முன் தாடை ஈரமாக இருக்கிறதா, முன்பற்கள் நேராகச் சந்திக்கின்றனவா, உள்ளங்காலில் புண் உண்டா, சிறுநீரில் ரத்தம் தெரிகிறதா, பெண்ணாக இருந்தால் விலாப்புறம் முடி உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது சினைப்பைக் கட்டியின் அடையாளமாக இருக்கலாம். இரண்டுமே ஆறு வயதைத் தாண்டியவை என்றால் சேருமா என்று உறுதி சொல்ல முடியாது.

சேர்க்கும் முறை

முதல் மூன்று வாரம் வேறு அறை. சொறிப்பூச்சி, படர்தாமரை இரண்டும் பெரும்பாலும் அதற்குள் வெளிப்பட்டுவிடும். படர்தாமரை மனிதர்களுக்கும் ஒட்டும், கை கழுவாமல் இதைத் தொட்டு அதைத் தொடக் கூடாது. இந்த மூன்று வாரம் நமக்கும் பயன்படுகிறது. கூண்டுக்குள் இன்னும் யாரும் வரவில்லை, போனதற்காக அழ இடமிருக்கிறது. “ஒரு எலிக்கா இவ்வளவு?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சுற்றியிருப்பவர்கள் மதிக்காததாலேயே கனம் கூடும் இத்தகைய துக்கத்தைப் பற்றி அமெரிக்கத் துக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். குழந்தையிடம் “ஊருக்குப் போயிருக்கு” என்று சொல்ல வேண்டாம். செத்துப்போச்சு என்றே சொல்லுங்கள். புதிதாக வருவதற்குப் பழைய பெயரை வைக்காதீர்கள், அதே நிறத்தையும் தேடாதீர்கள்.

சேர்க்கும் இடம் இரண்டுக்கும் புதியதாக இருக்கட்டும். தரையில் பழைய போர்வை, நடுவில் பெரிய புல் குவியல், கீரையைத் தூவிவிடுங்கள். இரண்டு வாசல் வெட்டிய அட்டைப்பெட்டிகள் இரண்டு வையுங்கள். ஒரே வாசல் இருந்தால் உள்ளே மாட்டிக்கொண்டது கடிபடும். நம்மூர் வெயிலில் காலை ஏழு மணிக்குள் தொடங்குங்கள்; 27 டிகிரிக்கு மேல் துரத்தல் தொடர்ந்தால் வெப்ப அதிர்ச்சி வரும். இடுப்பை ஆட்டி உறுமுவது, மேலே ஏறுவது, மோவாயை உயர்த்தி முறைப்பது எல்லாம் பேச்சுவார்த்தைதான். பல்லை நறநறவென்று நீண்ட நேரம் கடித்து, பிடரி மயிர் நின்றால் தயாராக இருங்கள். பந்தாக உருண்டாலோ ரத்தம் வந்தாலோ தடிமனான துண்டைப் போட்டுப் பிரித்துவிடுங்கள். வெறுங்கையை நுழைத்தால் விரல் கிழியும். சாதாரணத் துரத்தலுக்கெல்லாம் பிரித்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

மூன்று, நான்கு மணி நேரம் அமைதியாக இருந்தால் வினிகர் தண்ணீரில் துடைத்து இடம் மாற்றி அடுக்கிய கூண்டுக்குள் இரண்டையும் ஒன்றாக விடுங்கள். பத்து சதுர அடிக்குக் குறையக் கூடாது. இரண்டும் ஆண் என்றால் இன்னும் கூடுதல். உடனே ஜோடி சேர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் முன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நார்பெர்ட் சாக்சர் குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நிய இடத்தில் விடப்பட்ட ஆண் கினி பிக்கின் மனஅழுத்த ஹார்மோன் ஏறுவதைப் பெருமளவு குறைத்தது நெருங்கிப் பழகிய பெண் மட்டுமே. அறிமுகமில்லாத பெண் அருகில் இருந்ததால் பெரிய பயனில்லை. அந்த நெருக்கம் உருவாக வாரங்கள் ஆகும்.

ஒத்தே வராவிட்டாலும் திருப்பி அனுப்ப அவசரப்படாதீர்கள். ஒரே கூண்டை நடுவில் தலை நுழையாத கம்பி வலையால் பிரித்து, இரண்டு பக்கமும் வலையை ஒட்டியே புல்லும் தண்ணீர்ப் பாட்டிலும் வைத்தால், கடிபடாமல் பக்கத்தில் படுத்துப் பேசிக்கொள்ளும்.