கடலைக் கண்டால் பயம்: ஃப்ராய்ட், வாட்சன், பெக் மூவரில் யார் பக்கம்?

உளவியலைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் கையில் முதலில் திணிக்கப்படுவது ஒரு பெயர்ப் பட்டியல். 1879இல் லைப்சிக்கில் ஆய்வகம் தொடங்கிய வுண்ட், அப்புறம் ஃப்ராய்ட், வாட்சன், ஆரன் பெக். மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம். யாருடைய கொள்கை எதற்கு உதவும் என்பது மட்டும் பிடிபடாது. ஒரே சிக்கலைக் கடைசி மூவரின் தரப்பிடமும் கொடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கடலூரில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலையில், தேவனாம்பட்டினத்தில் ஏழு வயதுப் பெண்ணாகச் சுனாமி அலைக்குத் தப்பியவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இன்று அவருக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். சில்வர் பீச்சுக்குப் போகலாம் என்று அவர்கள் நச்சரித்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்கிறார்.

மனதின் ஆழத்தில் புதைந்ததைத் தேடும் ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வு, பயப்படும் பொருளை அப்படியே நம்பாது. 1909இல் அவர் வெளியிட்ட 'குட்டி ஹான்ஸ்' விவரத்தில், வியன்னாவின் ஐந்து வயதுச் சிறுவன் குதிரையைக் கண்டு நடுங்குகிறான். வண்டிக் குதிரை தெருவில் விழுந்ததைப் பார்த்த பிறகு வந்த பயம் என்று பையனே சொல்கிறான். ஃப்ராய்டோ அந்தக் குதிரையை அப்பாவாக்கிவிட்டார்! அதே கண்ணோடு வந்தால், நம் பெண்ணின் கடலுக்குப் பின்னாலும் வேறெதையோ துழாவ வேண்டியிருக்கும். கடலூரில் கடல் கடல்தான். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தங்கையின் கையை விட்டுவிட்டோமே என்கிற குற்றவுணர்வு பயமாக வேடம் போட்டு வரலாம். அதைப் பேசவிட்டுக் கேட்கும் பொறுமை இந்தத் தரப்புக்கு அதிகம்.

வெளியே தெரியும் நடத்தையை மட்டும் பார்க்கும் வாட்சனின் நடத்தையியலுக்கு மனதின் ஆழம் பற்றிக் கவலையில்லை. 1920இல் வாட்சனும் ரோசலி ரேனரும், ஒரு வயதுகூட ஆகாத ஆல்பர்ட் என்ற குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். எலியைப் பார்த்தாலே அழத் தொடங்கிய குழந்தை பிறகு முயலுக்கும் பயந்தது. உண்டாக்கிய பயத்தைப் போக்காமலேயே அனுப்பிவிட்டார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் எதிர்த்திசையில் போனார். முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவன் சாப்பிடும் நேரத்தில் முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். பயம் கரைந்தது.

நம் பெண்ணுக்கும் இந்த வழிதான். ஒவ்வொரு முறை தட்டிக்கழிக்கும்போதும் மனதுக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. ஆகவே முதலில் சாலையில் நின்று பார்ப்பது, இன்னொரு நாள் மணலில் உட்கார்வது, பிறகு கால் நனைப்பது. ஒவ்வொரு படியிலும் படபடப்பு தணியும்வரை இருக்க வேண்டும்; பாதியில் ஓடிவந்தால் பயம்தான் ஜெயிக்கும். ஆண்டுதோறும் அதே தேதியில் ஊரே கரைக்கு வந்து கடலில் பால் ஊற்றி அஞ்சலி செலுத்துகிறதே, அதிலும் இந்தச் சாயல் கொஞ்சம் இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

பெக் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்று, 1960களில் அதிலிருந்து விலகியவர். அவர் பார்வையில் ஆட்டிவைப்பது நிகழ்ச்சி மட்டுமில்லை, அதைப் பற்றிய எண்ணமும்தான். எண்ணத்தை எடுத்து ஆதாரத்தோடு உரசிப் பார் என்பார். இங்கேதான் கடலூர் அவருக்குச் சவால் விடுகிறது. ஆல்பர்ட்டின் எலி ஒன்றும் செய்யவில்லை. இந்தக் கடல் உள்ளே வந்தது. 'கடல் வராது' என்று அந்தப் பெண்ணிடம் சொன்னால் அது பொய். உரச வேண்டியது 'இன்றைக்கு, இந்த மணலில், நான் நின்றால் வந்துவிடும்' என்கிற எண்ணத்தை.

எனக்கு நடத்தையியல்தான் முதலிடம். வறண்டதுதான், ஆனால் சொன்னது நடந்ததா இல்லையா என்று சரிபார்க்க முடிகிறது. பெக் அதற்கு அடுத்து. நடைமுறையில் இரண்டையும் சேர்த்தே சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் சிகிச்சை) என்று கொடுக்கிறார்கள். ஃப்ராய்டைக் கடைசியில் படியுங்கள், சண்டை போட்டபடி. இந்தப் படிகளை வீட்டிலேயே முயலலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கெட்ட கனவும் தூக்கமின்மையும் சேர்ந்திருந்தால் வேண்டாம், புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது.